டயஸ்டேஸ்: ஒரு பெயரின் வரலாறு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், தமிழகத்தின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. இன்று அது கேரள மாநிலத்தைச் சார்ந்தது. 1949-ஆம் ஆண்டுக்கு முன்னர் கொச்சி இராச்சியத்தின் சித்தூர் தாலுகாவில் அடங்கியிருந்தது. அக்காலத்தில் சித்தூருக்கும் கொச்சியின் மற்றப் பகுதிகளுக்கும் இடையே ஆங்கிலேயரின் மலபார் ஜில்லா கிடந்தது. கொச்சி அதிகாரி ஒருவர் தம் மன்னரின் நிலத்திலிருந்து தம் மன்னரின் நிலத்துக்கு வர வேற்றாட்சிப் பகுதியைக் கடந்தாக வேண்டும். ஆட்சி யாருடையதாயினும் அவ்வூர் வீடுகள் பலவற்றில் பேச்சு தமிழே. மண்ணும் தமிழகத்து மண்ணையே ஒத்தது. கேரளத்தில் அரிதாகக் காணப்படும் கரிசல் நிலம் சித்தூரின் கிழக்குப் பகுதியில் உண்டு. பாலக்காடு நெல்லுக்குப் பெயர் பெற்றது என்பது உண்மையே. ஆனால் இந்தக் கிழக்கு விளிம்பில் சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த காடுகள்தாம் முன்னாளில் மிகுதி.

அங்குள்ள மூதாட்டியர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் முடிந்து, முளைகட்டிய பின் உலர்த்தித் திரிகையில் அரைத்த மாவினால் கூழ் காய்ச்சினால், அக்கூழ் சாதாரண மாவின் கூழைப் போல் இறுகுவதில்லை. நீர்த்து, இளகி, சற்று இனிப்பாகவும் இருக்கும். பல் முளைக்காத குழந்தைக்கு அதுவே ஏற்றது என்பார்கள். டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ குடியேறிய நம்மவர் பலர், ஊரிலிருந்து வரும் பொட்டலங்களில் முளைகட்டிய மாவும் ஒன்றாக இருப்பதை அறிவர். கூழ் ஏன் நீர்க்கிறது? இந்தச் சிறு கேள்விக்கு விடை காண விஞ்ஞான உலகம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. அந்த உழைப்பில் கொழிஞ்சாம்பாறைக்கு அண்டை நகரமான கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு.

கதை ருஷ்ய நாட்டில் தொடங்குகிறது. 1811-ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ரசாயன அறிஞர் கிர்க்காஃப், மாச்சத்தை அமிலம் கலந்த நீரில் கொதிக்க வைத்துச் சர்க்கரையாக்கிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் அவரே, அமிலம் இன்றியும் தானியத்திலுள்ள ஒரு பொருள் அதே வேலையைச் செய்வதைக் கண்டார். அப்பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் பிரெஞ்சு நாட்டவர் இருவர்: பாயேன், பெர்ஸோ. 1833-ஆம் ஆண்டில் முளைத்த பார்லியை நீரில் கரைத்து வடிகட்டி, அந்நீரில் சாராயத்தைச் சேர்த்தபோது வெண்ணிறமான வண்டல் ஒன்று படிந்தது. அதில் சிறிதளவே பெருமளவு மாச்சத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் டயஸ்டேஸ்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயரில் ஒரு தனி ஈடுபாடு. கிரேக்க மொழியில் அதற்குப் ‘பிரித்தல்’ என்று பொருள். மாச்சத்து மணியின் மேலுறையை உட்பொருளிலிருந்து பிரிப்பதாக அவர்கள் எண்ணியதால் வந்த பெயர். அந்த எண்ணம் பின்னர் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. இன்று நொதிகளின் பெயர்களில் பெரும்பாலானவை ‘ஏஸ்’ என்று முடிவதற்கும் இந்த ஒரு சொல்லே மூலம். நம் மொழியில் வழங்கும் ‘நொதி’ என்ற சொல் நொதித்தலிலிருந்து பிறந்தது. மேலை மொழிகளில் வழங்கும் ‘என்ஸைம்’ என்ற சொல்லுக்கும் ‘புளிப்பேற்றும் காடியில் உள்ளது’ என்பதே அடிப்படைப் பொருள். இரு மொழியும் ஒரே இடத்திலிருந்து சொல் எடுத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் ஒரு பெயர் சில சமயம் கண்ணை மறைக்கவும் செய்யும். 1831-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியரான லாய்க்ஸ், மனிதனின் உமிழ்நீர் மாச்சத்தைச் சர்க்கரையாக்குவதைக் கண்டிருந்தார். ஒரு பிடி அவலை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவதை நாமும் அறிவோம். 1845-இல் பிரெஞ்சுக்காரரான மியால் உமிழ்நீரிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, அதனை முளைதானியத்தின் டயஸ்டேஸுக்கு ஒப்பானதென்று கருதி ‘உமிழ்நீர் டயஸ்டேஸ்’ என்று வழங்கினார். கணையத்தின் நீரும் அதையே செய்வது தெரிய வந்தது. விதை, வாய், வயிறு ஆகிய மூன்றிடத்துக்கும் ஒரே பெயர். பெயர் ஒன்றாகவே, பொருளும் ஒன்றென்றே பலர் கொண்டனர். இந்த மயக்கம் எங்கே இடறியது என்பதைக் காணக் கோயம்புத்தூருக்கு வர வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியே வடகிழக்கு நோக்கிச் செல்லும் சாலை கோயம்புத்தூரை அடைகிறது. சைதாப்பேட்டையிலிருந்த விவசாயக் கல்லூரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மாற்றப்பட்டது. அங்கே பணிபுரிந்த ரசாயன அறிஞர் பி. விசுவநாத், டி. லட்சுமண ராவ், பி. ஏ. ரகுநாதஸ்வாமி அய்யங்கார் ஆகியோருடன் சேர்ந்து, முதல் உலகப் போரின் இறுதியை ஒட்டிய காலத்தில் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். மால்ட் தயாரிப்பில் பார்லிக்குப் பதிலாக நம் நாட்டுச் சோளத்தைக் கொள்ளலாமா என்பதே வினா. அக்காலத்தில் குழந்தை உணவுகளும் நோயாளிகளுக்குரிய மால்ட் சத்துகளும் கப்பலில் வந்தன. கடலில் போர் மூண்டால் டப்பாக்கள் வருவது நிற்கும். கரிசல் காட்டில் சோளம் விளைவது நிற்காது. ஏழையின் களிக்கும் சோற்றுக்கும் உரிய தானியம் என்று கருதப்பட்ட ஒன்றை, சீமைப் பார்லியின் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்த அம்முயற்சி நம் மதிப்புக்குரியது. விசுவநாத் பின்னாளில் இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பதவியை வகித்தார்.

கோயம்புத்தூரில் அரசாங்க விவசாய ரசாயன நிபுணராக இருந்த நாரிஸ் என்ற ஆங்கிலேயர் 1924-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்றார். அக்கழகத்தில் சோளம், கேழ்வரகு, கம்பு ஆகியவற்றின் நொதிகள் தொடர்ந்து ஆராயப்பட்டன. கே. வி. கிரி 1930-களில் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நொதியை ஆராய்ந்து பெயர் பெற்றார்.

சோளத்தின் வினாவுக்கு விடை எளிதில் அமையவில்லை. முளைதானியத்தின் ஆற்றலை அளக்க அந்நாளில் வழங்கிய முறை லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் வகுத்தது. எவ்வளவு சர்க்கரை உண்டாகிறது என்பதையே அது கணக்கிடும். அந்த அளவுகோலால் அளந்தால் பார்லிக்குச் சோளம் பின்தங்கும். அதே சோள மால்ட்டைக் கூழிலிட்டாலோ கூழ் சட்டென்று இளகிவிடும். ஒரே டயஸ்டேஸ் ஒரு சோதனையில் மெலிந்தும் மற்றொரு சோதனையில் வலுத்தும் காணப்படுவது எப்படி?

விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. 1920-களில் ஓல்சன் என்பவர் பார்லி மால்ட்டின் கரைசலை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியை 70 டிகிரி வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தார். மற்றொரு பகுதியைப் பனிக்கட்டியின் குளிரில் அமிலத்துக்கு உட்படுத்தினார். சூடுபட்ட பகுதி மாச்சத்தை விரைவில் இளகச் செய்தது. ஆனால் சர்க்கரை சிறிதே தந்தது. அமிலம் பட்ட பகுதி சர்க்கரையை ஏராளமாகத் தந்தது. ஆனால் மாச்சத்து மெல்லவே இளகியது. ஆகவே டயஸ்டேஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு நொதிகள் இருந்தன. ஒன்றைச் சூடு அழித்தது, மற்றதை அமிலம் அழித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கூன் என்பவர், இந்நொதிகள் வெளியிடும் சர்க்கரையின் வடிவ வேற்றுமையை நோக்கி ஆல்பா, பீட்டா என்று பெயர் வகுத்தார்.

மாச்சத்து என்பது குளுக்கோஸ் அணுத்திரள்களை ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சரம். அதனைப் பூச்சரமாக எண்ணிக்கொள்வோம். ஆல்பா அமைலேஸ் சரத்தின் நடுவில் கண்ட கண்ட இடத்தில் வெட்டும். நாலைந்து வெட்டிலேயே நீண்ட சரம் துண்டு துண்டாகிவிடும்; கூழின் இறுக்கம் தளர்வது அதனால்தான். பீட்டா அமைலேஸ் அப்படியன்று. சரத்தின் ஒரு முனையில் அமர்ந்து இரண்டிரண்டு பூவாகக் கிள்ளிக்கொண்டே வரும். அந்த இரட்டைப் பூவே மால்டோஸ் என்னும் சர்க்கரை. லிண்ட்னர் அளவுகோல் பெரும்பாலும் இந்தக் கிள்ளும் வேலையையே அளந்தது. பார்லியில் பீட்டா மிகுதி; முளைக்கும் முன்னரே அது மணியில் கட்டுண்டு கிடக்கிறது. முளைத்த சோளத்தில் ஆல்பா போதிய அளவு உண்டு, பீட்டா குறைவு. கோயம்புத்தூர்ச் சோளத்தின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது. சோளத்துக்குக் குறை ஒன்றுமில்லை. பீர் காய்ச்சுவோனுக்கு வேண்டியது ஒரு நொதி, குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவோளுக்கு வேண்டியது மற்றொன்று; அளவுகோலோ முன்னவன் கையிலிருந்தது.

பிற்காலத்தில் இந்த வேற்றுமையை நைஜீரியா நாடு செலவு செய்து கற்றது. 1988-இல் அந்நாடு பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தது. மதுவாலைகள் உள்நாட்டுச் சோளத்துக்கு மாறியபோது, குறைபட்ட நொதியை வெளியிலிருந்து சேர்த்து ஈடு செய்ய வேண்டியிருந்தது.

மதுவைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்லி அப்பால் செல்வோம். கொழிஞ்சாம்பாறை என்றதும் கேரளத்தார் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தென்னங்கள். சித்தூர்த் தோப்புகளில் இறக்கிய கள் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. அதற்கு மால்ட்டும் வேண்டா, டயஸ்டேஸும் வேண்டா. பாளையிலிருந்து சொட்டுவதே சர்க்கரை நீர். தானியத்தில் மது வடிக்கும் நாடுகள்தாம் மாச்சத்தைச் சர்க்கரையாக்க வழி தேடி முளைதானியத்தைப் பிடித்தன. ஜப்பானியர் அரிசியில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்து அதே பயனை அடைந்தனர். தென்னை நிறைந்த நாட்டார் அந்தத் துன்பத்தை அறிந்திலர்.

இரண்டோடு கணக்கு முடியவில்லை. 1955-ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பணிபுரிந்த ஸ்மித்தீஸ் என்பவர், புரதங்களை மின்சாரத்தால் பிரிப்பதற்கு ஒரு புது முறையைக் கண்டார். இளமையில் தம் தாயார் துணிக்குக் கஞ்சி போட்டதையும், ஆறிய கஞ்சி பாகுபோல் உறைந்ததையும் நினைவு கூர்ந்து, மாச்சத்துப் பாகையே தளமாகக் கொண்டார். அப்பாகின் வழியே மின்சாரத்தால் இழுக்கப்படும் புரதங்கள் அளவுக்கும் மின்னேற்றத்துக்கும் ஏற்பத் தனித்தனி வரிகளாக நின்றன. ஒரே வேலை செய்யும் நொதியும் சில சமயம் பல வரிகளாகப் பிரிவதைக் கண்டு, 1959-இல் அமெரிக்காவில் மார்க்கர்ட்டும் மோலரும் அவற்றுக்கு ‘ஐசோசைம்’ என்று பெயரிட்டனர். ஒரு தொழில், பல உருவம் என்பது கருத்து. மாச்சத்தைத் தின்னும் நொதிக்கு மாச்சத்துத் தளம் ஒவ்வாது என்பதால் அமைலேஸுக்கு வேறு பாகுகளைக் கொண்டனர். பிரித்த பின் மாச்சத்தில் தோய்த்து அயோடினை ஊற்றினால் தளம் முழுவதும் நீலமாகும்; நொதி நின்ற இடங்கள் மட்டும் வெளுத்த கோடுகளாகத் தெரியும்.

அவ்வாறு நோக்கியபோது விதைக்குள் ஒரு கூட்டமே இருந்தது. நெல்லில் ஆல்பா அமைலேஸுக்கு மட்டும் ஏறத்தாழ பத்து மரபணுக்கள் உண்டு. அவற்றுள் சில, கரு அனுப்பும் ஜிப்பரெல்லின் என்ற தூதுப்பொருளின் கட்டளைக்கு இயங்குகின்றன. வேறொன்று, சர்க்கரைப் பஞ்சம் நேர்ந்தபோதும் காற்று இல்லாதபோதும் விழித்தெழுகிறது. கோதுமையும் பார்லியும் காற்றில்லா நீரில் அமைலேஸை உண்டாக்கவல்லன அல்ல. நெல் உண்டாக்கும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் 1992-இல் எடுத்துக் காட்டினர். நீர் நின்ற வயலிலும் நெல் முளைக்கும் ஆற்றலுக்கு இது ஒரு முக்கியமான காரணம். பாலக்காட்டு உழவர் சேற்றில் விதை தெளிக்கும்போது, இந்த ஒரு வடிவத்தை நம்பியே தெளிக்கிறார் என்றால் மிகையாகாது.

கேழ்வரகும் இவ்வரிசையில் இடம் பெற்றது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நிர்மலாவும் முரளிகிருஷ்ணாவும் முளைத்த கேழ்வரகிலிருந்து மூன்று தனி ஆல்பா அமைலேஸ்களைப் பிரித்து 2003-இல் வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 1981-இல், மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் சிவராஜும் பட்டாபிராமனும் அதே தானியத்தில் அமைலேஸைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் கண்டிருந்தனர். அது புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினையும் சேர்த்துத் தடுக்கிறது. தன் மாச்சத்தை உண்ண வரும் பூச்சியின் அமைலேஸை முடக்குவதற்கு விதை வைத்த காவல் அது.

இனி உயிரினங்களின் பக்கம். விலங்குகளுக்குப் பீட்டா அமைலேஸ் இல்லை. உள்ளவை ஆல்பாவின் வகைகளே. மனிதனின் உமிழ்நீருக்கு ஒரு வகை மரபணு, கணையத்துக்கு வேறொரு வகை மரபணு. இரண்டும் ஒரே குரோமோசோமில் அண்டை வீடுகள். இவ்விரண்டையும் பிரித்தறியாத நாளில் மருத்துவர் இடர்ப்பட்டதுண்டு. இரத்தத்தில் அமைலேஸ் ஏறியிருந்தால் கணையம் வீங்கியதென்று கொள்ளலாம். ஆனால் பொன்னுக்கு வீங்கி கண்டவருக்கும் அது ஏறும், உமிழ்நீரின் வகை இரத்தத்தில் கலப்பதால். பசுவின் உமிழ்நீரில் இந்நொதி இல்லை என்றே சொல்லலாம். நாய்க்கோ, மனிதனோடு வாழத் தொடங்கிய பின் கணைய அமைலேஸின் மரபணு பல படிகளாகப் பெருகியது என்று 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. ஓநாயிடம் அந்தப் பெருக்கம் இல்லை. மனிதரிலும், மாச்சத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த மக்களிடம் உமிழ்நீர் அமைலேஸின் மரபணுப் படிகள் சராசரியாக மிகுதி என்பது 2007-இல் பெர்ரி முதலியோர் கண்ட முடிவு.

இங்கே நம் நெஞ்சில் தங்கும் செய்தி குழந்தையைப் பற்றியது. பிறந்த குழந்தையின் கணையம் முதற்சில மாதங்களில் அமைலேஸை ஏறத்தாழ சுரப்பதே இல்லை. பின்னர்ப் படிப்படியாகவே அது பெருகும். ஆனால் தாய்ப்பாலில் அமைலேஸ் உண்டு, அதுவும் உமிழ்நீரின் வகை. ஆறு மாதம் கழிந்து கூழ் ஊட்டத் தொடங்கும்போது தாய்ப்பாலையும் தொடர்ந்து தருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேறொரு தொல்லை எழுகிறது. மாவை மிகுதியாக இட்டால் கூழ் இறுகிக் குழந்தையால் விழுங்க முடியாது. நீரை மிகுதியாக விட்டால் வயிறு நிரம்பும், சத்து சேராது. ஏழை வீடுகளில் குழந்தைகள் வற்றிப்போன காரணங்களுள் இந்த நீர்க்கூழும் ஒன்று.

1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும், மைசூரில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் எடுத்துக்கொண்ட வேலை இதுவே. மைசூரில் முளைத்த கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் கொண்டு குழந்தை உணவு வகுத்தனர். பரோடாவில் இன்னும் எளிய வழி காட்டினர்: வழக்கமான மாவையே கெட்டியாகக் காய்ச்சி, முளைதானிய மாவில் ஒரு சிறு கரண்டி மட்டும் கலந்தால் போதும், சில நிமிடங்களில் இளகிவிடும். மாவின் அளவை இரு மடங்காக்கினாலும் குழந்தை குடிக்கும். விசுவநாத் பார்லிக்கு ஈடாகுமா என்று கேட்ட அதே முளைதானியம், அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வினாவுக்கு விடையாக வந்தது.

செய்வோருக்கு இரண்டு செய்திகள் உண்டு. மணத்துக்காக முளைகட்டிய தானியத்தைச் சிவக்க வறுத்துவிடுவோர் பலர். கடும் வறுவலில் நொதி மாண்டுபோகும், மாவு வெறும் மாவாகும். நிழலிலோ இளவெயிலிலோ உலர்த்தி, வேண்டுமானால் மிதமாகச் சூடு காட்டலாம். கொதிக்கும் கூழில் போட்டாலும் அதே கதிதான். கொதி அடங்கி, விரல் பொறுக்காத சூடு இருக்கும்போதே கலந்து, இளகிய பின் மீண்டும் ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும்.

மற்றொன்று சோளத்துக்கே உரியது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு மாண்டுபோவதைக் கரிசல் காட்டார் அறிவர். அந்த நஞ்சின் மூலப்பொருள் முளைத்த சோளத்தின் குருத்திலும் வேரிலும் உண்டு. ஆகவே சோளத்தை முளைகட்டி உலர்த்திய பின், வேரையும் குருத்தையும் நன்றாகத் தேய்த்து உதிர்த்துப் புடைத்தெறிந்த பின்னரே அரைக்க வேண்டும். கேழ்வரகில் இந்த அச்சம் இல்லை. கொழிஞ்சாம்பாறை மூதாட்டியர் குழந்தைக்கென்று சோளத்தை விட்டுக் கேழ்வரகையே முடிந்து வைத்ததற்கு அதுவும் காரணமாயிருக்கலாம்.